வரைபடத்து ஒழுங்கை

எனக்கும் செபநாயகம் மாஸ்ரருக்கும் பேச்சு நின்று பல வருடங்கள். பேச்சுத்தான் நின்றதே தவிர ஏச்சு நிற்கவில்லை. நான் என் ஆட்டைப் பார்த்து, "அடுத்தவன்ரை வளவுப் புல்லிலை உனக்கு என்ன அவ்வளவு ஆசை?" என்று வேலிக்கு அப்பால் கேட்கும்படி சத்தமாகக் கேட்பேன். அவர் அந்தப் பக்கம் நின்று தன் நாயிடம், "ரைகர், படிச்சவை குரைக்கிறதுக்கும் மற்றவை குரைக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு, நீ பேசாமல் படு" என்பார். சண்டிலிப்பாயில் இப்படிச் சாடைமாடையாகத் திட்டிக்கொள்வது ஒரு கலை. என்னைவிட அவருக்கு அது நன்றாக வரும். ஆங்கிலம் படிப்பித்த மனிதர் அல்லவா.

சண்டை எல்லையைப் பற்றியது. எங்கள் இரண்டு வளவுகளுக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம் கிடக்கிறது. அது என்னுடையது. அவரைக் கேட்டால் அவருடையது என்பார், அதனால் அவரைக் கேட்காதீர்கள். இணக்கசபைக்குப் போனோம். அங்கிருந்தவர்கள் எங்களுடைய கதையைக் கேட்டுக் களைத்துப்போய், முடிவு வரும்வரை ஆளுக்குக் கொஞ்சம் பின்னால் தள்ளி வேலி போடச் சொன்னார்கள். போட்டோம். முடிவு மட்டும் வரவில்லை. இந்தப் பக்கம் என் கிளுவை வேலி, அந்தப் பக்கம் அவருடைய கிளுவை வேலி, நடுவில் ஒரு வான் தாராளமாகப் போகக்கூடிய அகலத்தில் புல். ஒரு முனையில் தெரு. மறுமுனையில் இரண்டு வீட்டுக்கும் சொந்தமான பங்குக் கிணறு. பழைய தோட்டக் கிணறு, அதன் கட்டு முழங்கால் உயரம்கூட வராது.

முதலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. பிறகு ஓட்டோ. பிறகு தினமும் யாராவது வந்தார்கள். "இதாலை போனா அம்மன் கோயிலடிக்குப் போகலாம் எண்டு போன் சொல்லுது" என்றார்கள். கோயில் அடுத்த தெருவில் இருக்கிறது. இதால் போனால் கிணற்றுக்குள் போகலாம்.

என் மகள் ஆரபி தன் போனைத் திறந்து காட்டினாள். "அப்பா, எங்கடை ரெண்டு வேலிக்கும் நடுவிலை ஒரு ஒழுங்கை கீறிக் கிடக்கு. மேலையிருந்து பாத்தா உண்மையிலை ஒழுங்கை மாதிரித்தான் தெரியுது."

வானத்திலிருந்து படம் பிடித்த இயந்திரத்துக்கு யாழ்ப்பாணத்து வேலிச் சண்டை எங்கே விளங்கப்போகிறது? நேராக இரண்டு வேலி, நடுவில் வெளி. ஒழுங்கை என்று எழுதிவிட்டது. உலகத்தில் உள்ள எல்லாப் போனுக்கும் அதையே சொல்லியும்விட்டது.

வேறு காலமாக இருந்தால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆவணியில் ஆரபிக்குக் கலியாணம். மண்டபம் வேண்டாம், எங்கள் முற்றத்தில்தான் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். எனக்கும் அதுதான் ஆசை. மாப்பிள்ளை கிருஷாந் பருத்தித்துறைக் கப்பல்காரக் குடும்பம். பஸ்ஸிலும் வானிலும் பெரிய கூட்டமாக வருவார்கள். வெளிநாட்டில் இருந்து வந்தவர்களும் இருப்பார்கள். எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டுதான் வருவார்கள். நான் வாயால் சொல்லும் வழியை யார் கேட்பார்கள்? மாப்பிள்ளை வீட்டார் என் கிணற்றுக்குள் இறங்கினால் நான் எந்த முகத்தோடு உயிர் வாழ்வது? எனக்கு நித்திரை வரவில்லை.

ஆரபி அந்தக் கம்பனிக்கு அறிவித்தாள். வழி பிழை என்று ஒரு பொத்தான் இருக்கிறதாம். அமத்தினாள். நன்றி என்று பதில் வந்தது. நான் சொல்லச் சொல்லத் திரும்பத் திரும்ப அமத்தினாள். கடைசியில், உங்கள் அக்கறையைப் பாராட்டுகிறோம், நீங்கள் இப்போது இந்தப் பகுதியின் வழிகாட்டிகளில் ஒருவர் என்று ஒரு நட்சத்திரம் அனுப்பினார்கள். ஒழுங்கை அப்படியே இருந்தது. மகளுக்குப் பதவி உயர்ந்தது.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் வெளிநாட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு வான் வந்தது. நல்ல வேகம். நான் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றவன், மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கத்திக்கொண்டு ஓடினேன். வேலிக்கு அந்தப் பக்கத்தில் செபநாயகம் மாஸ்ரரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கிணற்றடிக்குப் போய்ச் சேர்ந்தோம். வானின் முன் சில்லு கிணற்றுக் கட்டில் இடித்து நின்றது. உள்ளே ஒரு பெண் குழந்தையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள்.

நானும் மாஸ்ரரும் சாரதியை நன்றாகத் திட்டினோம். அவர் ஆங்கிலத்திலும் திட்டினார். சாரதி பாவம், தலையைக் குனிந்துகொண்டு கேட்டுவிட்டுச் சொன்னான்: "ஐயா, எனக்கு ஏசி என்ன பிரயோசனம்? இதைக் கீறினவனுக்கு ஏசுங்கோ."

சாரதி வானைப் பின்னால் எடுத்துக்கொண்டு போய்விட்டான். நாங்கள் இருவரும் கிணற்றடியில் நின்றோம். ஆடும் இல்லை, நாயும் இல்லை. யாரைப் பார்த்துக் கதைப்பது என்று தெரியாமல் கடைசியில் நான் அவரைப் பார்த்தே கேட்டேன்.

"மாஸ்ரர், உந்தப் போன் கம்பனியின்ரை கந்தோர் எங்கை கிடக்கு?"

"அமெரிக்காவிலை."

"இஞ்சை ஒருத்தரும் இல்லையோ?"

"ஒருத்தரும் இல்லை. வாரும், ஒரு கடிதம் எழுதிப் பாப்பம்."

அவருடைய வீட்டு விறாந்தையில் இருந்து கணினியில் எழுதினோம். அவர் வட்டுக்கோட்டை மிஷனரிக் கல்லூரியில் ஆங்கிலம் படித்தவர். ஒவ்வொரு வசனத்தையும் எழுதி, எனக்குத் தமிழில் சொல்லி, என் சம்மதம் கேட்டு, அடுத்த வசனத்துக்குப் போனார். குழந்தை இருந்த வானைப் பற்றிய வசனத்தை மட்டும் அழித்து அழித்து எழுதினார். கிணற்றின் ஆழத்தையும் எழுதினோம். அதில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. அனுப்பினார். கையை எடுக்கமுதலே பதில் வந்துவிட்டது. உங்கள் கருத்தைக் கவனமாகப் பரிசீலித்தோம் என்று அதில் இருந்தது.

மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு பிள்ளையின்ரை கட்டுரையைத் திருத்த எனக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி முடியும். உவங்கள் நான் அனுப்ப முதலே கவனமா வாசிச்சிட்டாங்கள்."

"மிசின் வாசிச்சிருக்கும்."

"மிசின் வாசிக்கட்டும், கனகசபாபதி. பிழை எண்டா ஆர் பதில் சொல்லுறது? பேப்பரைப் பாரும். எங்கேயோ ஒரு நாட்டிலை பள்ளிக்கூடத்திலை குண்டு விழுந்தா, விசாரிக்கிறம் எண்டுவினம். பிறகு இலக்கைத் தெரிவு செய்தது மிசின் எண்டுவினம். கடைசியிலை ஒரு ஆளின்ரை பேரும் வெளியிலை வராது."

"உது எங்களுக்குப் புதுசே?"

அவர் கண்ணாடியைத் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். அவருடைய மனைவி பியாட்றிஸ் தேநீர் கொண்டுவந்து வைத்தா. அந்த வீட்டுத் தேநீர் குடித்து எவ்வளவு காலம். இஞ்சி போட்டிருந்தா, நன்றாக இருந்தது.

"ஒழுங்கை வாசலை அடைச்சாச் சரி. நான் நாளைக்கே வேலிக் கதியால் நடுறன்" என்றேன்.

"நீர் போட்டா அது உம்மடை வேலி எண்டு ஆகிடும். நான் போடுறன்."

"அது நடக்காது."

பிறகு அரை மணித்தியாலம் ஆசை தீரச் சண்டை பிடித்தோம். முகத்துக்கு முகம் பார்த்துச் சண்டை பிடிப்பது எவ்வளவு சுகமானது என்பதை நான் மறந்தே போயிருந்தேன். வீட்டுக்கு வந்து நிறையச் சாப்பிட்டேன். ஆனால் வாசல் திறந்தபடியே கிடந்தது, கலியாணமும் நெருங்கிக்கொண்டிருந்தது.

பந்தல்காரர் வந்து முற்றத்தை அளந்தார். மாமரத்தைத் தறிக்காவிட்டால் இடம் போதாது என்றார். மாமரத்தைத் தொட என் மனைவி இராசமலர் விடமாட்டாள். அப்படியானால் உங்கள் வேலியைப் பிடுங்கிவிட்டு அந்தப் புல் துண்டுக்குள் பந்தலை நீட்டுங்கள் என்றார். சடங்கு பற்றிப் பேச வந்திருந்த ஐயர் அதைக் கேட்டுவிட்டு, "அப்ப கன்னிக்கால் அங்கைதான் வரும், பந்தலின்ரை ஈசான மூலை அதுதானே" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். கன்னிக்கால் என்றால் கலியாண வீட்டுப் பந்தலின் மூலையில் நடுகிற பச்சை முள்முருக்கந் தடி. துளிர்த்தால் மணமக்களுக்கு நல்லது என்பார்கள். ஆனால் முள்முருக்கந் தடி எங்கள் ஊரில் வேலிக்கு நடுகிற கதியாலும்கூட. சண்டைக் காணிக்குள் அதை நட்டால், மகளுக்குக் கலியாணம் செய்தேன் என்று மாஸ்ரர் நினைக்கமாட்டார், எல்லை போட்டேன் என்றுதான் நினைப்பார். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

இராசமலர் ஒரே வசனத்தில் முடித்தாள். "போய்க் கேளுங்கோ."

வேட்டி கட்டிச் சால்வை போட்டுக்கொண்டு, வெற்றிலைத் தட்டோடு அவருடைய படலையைத் திறந்தேன். விசயத்தைச் சொன்னேன். பந்தல் வந்தால் ஒரு வாகனமும் கிணற்றடிக்குப் போகாது என்பதையும் சொன்னேன். தடி கன்னிக்கால்தான், கதியால் இல்லை என்று சத்தியம் செய்தேன்.

மாஸ்ரர் வெற்றிலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உம்மிலை எனக்கு நம்பிக்கை இல்லை, கனகசபாபதி."

"தெரியும்."

"நாளைக்கு நீர் கதையை மாத்துவீர்."

"மாத்தினா?"

"மாத்தினா உம்மடை படலையிலை வந்து நிண்டு கேப்பன். நீர் வெளியிலை வந்துதானே ஆகோணும்? எங்கை ஓடுவீர்? அது எனக்குப் போதும்." தட்டை வாங்கிக்கொண்டார். "ஆனா ஒண்டு, நட்டா நட்ட நடுவிலை நடும். உம்மடை பக்கமும் வேண்டாம், என்ரை பக்கமும் வேண்டாம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம்பிக்கை இல்லை என்று ஒருவர் சொல்லி அதனால் இவ்வளவு சந்தோசம் எனக்கு வந்ததில்லை.

கன்னிக்கால் நட்ட அன்று சுமங்கலிகள் பாலும் நீரும் ஊற்றினார்கள். கொஞ்சம் ஒதுங்கி நின்ற பியாட்றிஸை இராசமலர் கையைப் பிடித்து இழுத்துவந்து செம்பைக் கொடுத்தாள். அவ ஊற்றினா, ஊற்றும்போது தன் பாட்டில் ஏதோ செபமும் சொன்னா. மாஸ்ரர் நூல் பிடித்து, தடி நடுவில்தான் நிற்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்துவந்து தன் வேலியையும் வெட்டத் தொடங்கினார்.

"என்ன மாஸ்ரர் செய்யிறியள்?"

"பருத்தித்துறைச் சனம் எல்லாம் வரும் எண்டீர். என்ரை முற்றத்திலையும் கதிரையைப் போடும், சனம் நெருக்குப்படாமல் இருக்கட்டும்."

கலியாணத்தன்று நான் தெருவில் நின்று கையைக் காட்டிக் காட்டிக் களைத்தேன். பஸ் என்னை மதிக்கவில்லை. போனைப் பார்த்து நேராக ஒழுங்கைக்குள் திரும்பி, ஆடி ஆடி வந்து, பந்தல் வாசலில் நின்றது. பின்னால் வானும் காரும் வரிசையாக வந்து நின்றன. நாதஸ்வரக்காரர் உடனே வாசிக்கத் தொடங்கினார். கிருஷாந்தின் பெரியப்பா பஸ்ஸால் இறங்கி, "சம்பந்தி, நாங்கள் கடலிலை நட்சத்திரம் பாத்துப் போன ஆக்கள். ஆனா உங்கடை ஒழுங்கை மாதிரி நேரான வழியைக் கண்டதில்லை" என்றார். மாஸ்ரரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொடுப்புக்குள் சிரித்தோம். தாலி கட்டும்போது மேளத்தைவிட என் நெஞ்சு கூட அடித்தது. சாப்பாட்டுப் பந்தியில் மாஸ்ரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பருப்பு வாளியோடு நின்றார்.

அடுத்தநாள் ஆரபி மாப்பிள்ளை வீட்டுக்குக் கால்மாறிப் போக வெளிக்கிட்டு நிற்கும்போது போனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். கம்பனியிடமிருந்து கடைசிப் பதில். எங்கள் முறைப்பாட்டை ஏற்க முடியாதாம். அந்த ஒழுங்கை உண்மையில் இருப்பது உறுதியாகிவிட்டதாம். நேற்று ஒரே நாளில் அவ்வளவு வாகனங்கள் அதால் போயிருக்கின்றனவாம்.

பந்தலைப் பிரித்தாயிற்று. கன்னிக்கால் மட்டும் ஒழுங்கையின் நட்ட நடுவில் நிற்கிறது. அதைத் தாண்டி ஒரு வாகனமும் கிணற்றடிக்குப் போகாது. போனில் வழி இருக்கலாம், நிலத்தில் தடி இருக்கிறது. அதைத் தொட்டால் கையை முறிப்பேன் என்று இராசமலர் எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறாள்.

இன்று காலை நான் பல் தீட்டிக்கொண்டு நிற்கையில் படலையடியில் சத்தம் கேட்டது. செபநாயகம் மாஸ்ரர். நாயைக் கூட்டிவரவில்லை.

"கனகசபாபதி, வெளியிலை வாரும். உம்மடை தடி துளிர்த்திட்டுது. நாலு இலை விட்டிருக்கு. வேரும் பிடிச்சிருக்கும். இனி உதுக்கு என்ன பேர், கதியாலோ, மரமோ? எனக்கு இப்ப மறுமொழி வேணும்."

துளிர்த்துவிட்டதா? இராசமலர் குசினிக்குள் இருந்து ஓடிவந்து கையைக் கூப்பினாள். ஆரபிக்குப் போன் எடுக்கச் சொன்னாள். நான் வாயைக் கொப்பளித்து, முகத்தைத் துடைத்து, சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மறுமொழி சொல்லப் படலையடிக்குப் போனேன்.