பத்து நாள் காலி வீடு

...பத்து நாள், பத்து நாளும் வீட்டில் யாரும் இருக்கக் கூடாது என்கிறான் இந்த இர்பான், வெகு சாதாரணமாகச் சொல்கிறான், கையில் இரண்டு மரத்துண்டுகள், ஒன்று தொழிற்சாலையிலேயே பாலிஷ் போட்டு வந்தது, இன்னொன்று பூச்சே இல்லாத வெறும் மரம், "இத தரையில அடிச்சிட்டு, அப்புறமா மெஷின் வச்சுத் தேய்ச்சு, மூணு கோட்டிங் குடுப்போம் சார், ஒண்ணு காஞ்சாத்தான் அடுத்தது, அந்த நெடியில ஆளுங்க இருக்க முடியாது", ஆனால் அறிவுச்செல்வனுக்குக் காதில் நின்றது அந்தப் பத்து நாள் மட்டும்தான். திண்டிவனம் பைபாஸ் ஓரத்து மரத்தரைக் கடை, கண்ணாடிக்கு வெளியே மழை வருவதுபோல இருட்டிக்கொண்டு கிடக்கிறது, பகல் பதினோரு மணிக்கே லாரிகள் விளக்குப் போட்டுக்கொண்டு போகின்றன. பக்கத்து நாற்காலியில் மனைவி சித்ரா, கைத்தடியை மடியில் சாய்த்துக்கொண்டு, பூச்சில்லாத துண்டை வாங்கித் தடவிப் பார்க்கிறாள். "இதுவே போடலாம்" என்கிறாள். யாரிடம் சொன்னாள்? இர்பானிடம்தான். தன்னை 'ஏங்க' என்று கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று, அறுவை சிகிச்சைக்குப் பிறகு கூப்பிட்டாளா, இல்லை, ஒருமுறைகூட இல்லை...

மாடியில் இருந்ததால் அவள் கூப்பிட்டது கேட்கவில்லை என்று டாக்டரிடம் சொன்னார், அவள் அக்கா முனியம்மாளிடமும் சொன்னார், சொல்லிச் சொல்லி அதுவே நடந்ததுபோல ஆகிவிட்டது. கேட்டது. விழுப்புரத்து வீட்டுக் கூடத்தில், முகம் தெரிகிற பளபளப்பில் அவரே பார்த்துப் போட்ட டைல்ஸில், அவள் வழுக்கி விழுந்து கிடந்த அன்றைக்கு மூன்று முறை கேட்டது. ஏங்க... ஏங்க... மூன்றாவது கொஞ்சம் சன்னமாக. கையில் போன், போனில் சீட்டாட்டம், இந்த ஆட்டம் முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தார், எதற்காவது கூப்பிடுவாள், சிலிண்டர் மாற்ற, தயிர் வாங்க, முப்பது வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டுதானே இருக்கிறாள்... இறங்கி வந்தபோது இருபது நிமிடம் போயிருந்தது. அவள் அழவில்லை, மாடிப்படியையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். இடுப்பெலும்பு முறிவு. பிறகு மூன்று மாதம் கண்டாச்சிபுரத்தில் அந்த அக்கா வீடு. அவர்தான் போய் அழைத்து வந்தார், மரத்தரை போட்டுத் தருகிறேன், வழுக்காது, விழுந்தாலும் அவ்வளவாக அடி படாது என்று, 'விழுந்தாலும்' என்று ஏன் சொன்னோம், அந்த வார்த்தை எதற்கு? பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தவள் பாதி வழியில் எந்தப் பேச்சும் இல்லாத நேரத்தில், "அங்க கூப்ட்டா அக்கா ஓடியாந்துடும்" என்றாள். அவளுக்குத் தெரியுமா? போனில் சீட்டு இறங்கும் சத்தம் கீழே கேட்டிருக்குமோ...

"இதுல ஜாயிண்ட்டே தெரியாதுக்கா, ஒரே பலகை மாதிரி இருக்கும். பாலிஷோட வர்ற அந்த ரெடிமேட்ல பலகைக்குப் பலகை சின்னதா கோடு தெரியும். ஆனா ரெண்டே நாள்ல முடிஞ்சிரும், நெடி கிடையாது, நீங்க பாட்டுக்கு வீட்லயே இருந்துக்கினு டிவி பாக்கலாம்." வீட்டிலேயே இருக்கலாம். அந்தச் சொல்லை அவர் பிடித்துக்கொண்டார். பத்து நாள் என்றால் சித்ரா கண்டாச்சிபுரம்தான் போவாள், பத்து பதினைந்தாகும், இன்னும் நெடி போகல என்பாள், பிறகு பொங்கல் ஆகட்டும் என்பாள், அதற்காகத்தான் இதைக் கேட்கிறாளா... சே, மரம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான், அவள் எப்போதும் துணிக்கடையிலும் இப்படித்தான் தடவிக்கொண்டிருப்பாள்.

"ரெடிமேடே போடுங்க தம்பி" என்றார், தேவைக்கு மேல் சத்தமாக. "தூசி, நெடி எல்லாம் இவளுக்கு ஒத்துக்காது, பேஜாரு."

அவள் மறுக்கவில்லை, துண்டை மேஜைமேல் வைத்துவிட்டு, "சரி, அதையே போடுங்க" என்றாள். இவ்வளவு சுலபமாகவா? வெளியே போனதும் ஒரு காபி வாங்கிக் கொடுத்துச் சொல்லிவிடலாம், கேட்டது சித்ரா, அன்றைக்கு எனக்குக் கேட்டது என்று... அதற்குள் அவள் இர்பானிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்ப்பா, வேல நடக்கச்சொல்ல வீட்ல ஒருத்தர் இருந்தா போதுமா?"

"போதும்க்கா, கதவத் தொறந்து உட ஒரு ஆள் இருந்தா சரி."

"அப்ப இவரு இருப்பாரு."

எந்தத் தேதியில் தொடங்கலாம் என்று இர்பான் கேட்டான். மரத்தைப் பற்றி மட்டும்தான் இங்கே தன்னால் முடிவெடுக்க முடிந்திருக்கிறது, கண்டாச்சிபுரம் போவதை அவள் எப்போதோ முடிவெடுத்துவிட்டாள்போல... இல்லை, அப்படியிருக்காது, யாராவது ஒருவர் வீட்டில் இருக்கத்தானே வேண்டும். அவள் எழுந்திருக்கப் பார்க்கிறாள் என்று தெரிந்து கைகொடுக்க எழுந்தார், அதற்குள் அவள் நின்றுவிட்டிருந்தாள்.