சின்னவனும் சரி என்றான்

எங்கள் கணினி மொழிக்கு இரண்டு பிள்ளைகள். அதில் எழுதிய நிரலை ஓட்டுகிற மென்பொருள்கள் இரண்டு என்று அர்த்தம். பெரிய கம்பெனி எழுதியது பெரியவன். என் அண்ணன் தனியாளாக எழுதியது சின்னவன். இருவரும் ஒத்துப்போனால்தான் மொழியில் எந்த விதியையும் மாற்றலாம் என்பது மொழியின் விதிகளை முடிவு செய்யும் குழுவின் சட்டம். அதனால் சின்னவனைக் கண்டாலே அவர்களுக்கு ஆகாது.

அண்ணன் அவனை எழுதியதே அண்ணிக்காகத்தான். தகடு வளைக்கும் பிரஸ் மெஷினில் அண்ணிக்கு வேலை. மெஷினின் நிரலைப் பெரியவனும் சின்னவனும் தனித்தனியே ஓட்டுவார்கள். இருவரும் ‘இறங்கலாம்’ என்றால்தான் பிரஸ் இறங்கும். பதில் மாறினால் நின்றுவிடும்.

"ஒருத்தனுக்காவது சந்தேகம் வரணும்டி" என்பான் அண்ணன் அண்ணியிடம்.

சண்டை எண்ணில் வந்தது. கணினி தாங்கும் அளவை ஓர் எண் மீறினால் பெரியவன் கமுக்கமாகச் சுழியத்துக்குப் போய்விடுவான். சின்னவன் ‘பிழை’ என்று கத்தி நின்றுவிடுவான். குழுவுக்கோ, கத்தினால் வேகம் குறைகிறதாம், பெரியவன் வழியையே விதியாக்க வேண்டுமாம். அண்ணன் முடியாது என்றான். குழு நேருக்கு நேர் மோதவில்லை, அவ்வளவு நாகரிகம்! புதுச் சட்டம் போட்டார்கள்: புது வசதிகளை எல்லாம் இந்த மாதத்துக்குள் சேர்க்காத மென்பொருளுக்கு வோட்டு கிடையாது.

கம்பெனியில் ஒரு மாடி முழுக்க ஆள். இங்கே அண்ணனும், சோதனை பார்க்க நானும். எப்படி முடியும்? கடைசியில், யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து கிடந்த, புது வசதிகள் எல்லாம் இருந்த பெரியவனின் எண் கணக்கிடும் பகுதியை அண்ணன் அப்படியே தூக்கிச் சின்னவனுக்குள் வைத்தான்.

"வேணாம்ண்ணா. இது சின்னவனே இல்ல. இனி இவனும் கத்தாம சுழியத்துக்குத்தான் போவான்."

"வோட்டு போச்சுன்னா நம்மள நாய்கூட சீந்தாது. முதல்ல அந்த விதியத் தோக்கடிக்கிறேன். அப்புறம் திருப்பி எழுதிக்கலாம்."



வோட்டெடுப்பில் அண்ணன் எழுந்து, "நான் எதிர்க்கிறேன்" என்றான்.

குழுத் தலைவர் சிரித்தார். "வோட்டு உங்களுக்கில்ல சார், மென்பொருளுக்கு. இப்பதான் அளவு மீறின எண்ணக் குடுத்து ஓட்டிப் பாத்தோம். உங்க சின்னவனே சரின்னுட்டானே!"

விதி நிறைவேறியது. கைதட்டினார்கள், பாவிகள்.

புதுச் சின்னவன் வழக்கமான புதுப்பிப்போடு ஏற்கெனவே அண்ணியின் தொழிற்சாலைக்குப் போய்விட்டிருந்தான். அண்ணன் பதறிப்போய் மேற்பார்வையாளருக்குப் போன் போட்டான். "பழசுதான் சார் அடிக்கடி நின்னு உயிர வாங்குச்சு. இப்ப ரெண்டும் என்னமா ஒத்துப்போகுது! கைய வைக்காதீங்க" என்று அந்த ஆள் வைத்துவிட்டார்.

"நாளைக்கு வேலைக்குப் போகாதே" என்று அண்ணன் அண்ணியிடம் கெஞ்சினான். ஆள் குறைவு, லீவு கிடைக்காது என்று அண்ணி போனாள். தகடு நேராக இல்லையென்று சரிசெய்யக் கையை உள்ளே விட்டிருக்கிறாள். தகட்டுக்கு மேல் எவ்வளவு உயரத்துக்குத் தடங்கல் இருக்கிறது என்கிற எண் அளவு மீறிச் சுழியமானது. தடங்கல் எதுவும் இல்லை, இறங்கலாம் என்று இருவரும் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்த அண்ணி, மணிக்கட்டோடு முடிந்துபோன, கட்டுப் போட்ட கையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் சொன்னாத்தானே இறங்கும்? பெரியவன் அப்படித்தான், சரி. சின்னவன் என்ன பண்ணிட்டிருந்தான்?"

நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று.

"அவனும் சரின்னுட்டான் அண்ணி."