வாசலில் இல்லாத செருப்பு

என் லேப்டாப்பின் பேட்டரி செத்து இரண்டு வருடமாகிறது. ஒயரைப் பிடுங்கினால் திரையும் செத்துவிடும். "இந்தக் கிழத்துக்குப் புது ஓ.எஸ். தாங்காது சார்" என்று ரிப்பேர் கடைக்காரர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். நான் யார் பேச்சைக் கேட்டேன்?

காலையில் மழையில் ஊறிய செருப்பை அறைக்குள் ஃபேனுக்கடியில் காயவைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு அப்டேட்டை ஓடவிட்டேன். எழுபத்தொரு சதவீதத்தில் நின்று முக்கால் மணி நேரமாயிற்று. 'கணினியை அணைக்காதீர்கள்' என்று திரை மிரட்டியது. மூன்று வருடமாக மொழிபெயர்த்த நாவல் உள்ளே இருக்கிறது. பத்திரமாக நகலும் எடுத்திருந்தேன், அதே லேப்டாப்பில் இன்னொரு ஃபோல்டரில். என் புத்திக்கு அவ்வளவுதான் எட்டியது.

வெளியே அக்காவும் அத்தானும் வேலைக்குக் கிளம்பும் சத்தம் கேட்டது.

"தம்பி அப்பவே போயிட்டான் போல. வாசல்ல செருப்பைக் காணோம்" என்றாள் அக்கா.

"அப்போ மெயின் சுவிட்சை அணைச்சிடு. போன வாரம் அயர்ன் பாக்ஸை அணைக்காமப் போன மகாராசன்தானே அவன்!"

"நான் உள்ளதான்க்கா இருக்கேன்!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

கதவில் கை வைத்தபோது, தலைக்கு மேல் ஃபேனின் வேகம் குறைந்துகொண்டிருந்தது.