விரிப்பின் மறுமுனை

அந்தச் சலவைக்கூடத்தில் யாரும் சும்மா நிற்க முடியாது. அப்படி எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஆனால் பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். மடிப்பு மேசைப் பக்கம் யாராவது கையை வீசிக்கொண்டு நின்றால், அவர் கையில் விரிப்பின் ஒரு முனை வந்துவிடும். மின்சாரக் கணக்கெடுக்க வந்தவர் மடித்திருக்கிறார். முதலாளியம்மாவின் மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தபோது மாப்பிள்ளையின் தகப்பனாரும் ஒரு கட்டு மடித்தார். மடித்து முடித்ததும் கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டுப் போனார்.

மடிப்புப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் பெரியக்கா. ஆஸ்பத்திரி விரிப்பு வந்தால் கடைசி மடிப்பின் மேல் உள்ளங்கையை ஒரு கணம் வைத்து, படுக்கப்போகிறவருக்காக வேண்டிக்கொள்வார். படுக்கப்போகிறவர் யாரென்று அவருக்குத் தெரியாது. கடவுளுக்குத் தெரியும் என்பதால் பெயர் தேவைப்படவில்லை.

துவைக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டவர் மாமா. அவர் மனைவியைத் தவிர எல்லாரும் அவரை மாமா என்றே கூப்பிட்டார்கள்.

மூன்றாவது இயந்திரத்தின் முதுகில் ஒரு நாள் ஒரு சின்னப் பெட்டி வந்து உட்கார்ந்தது. தண்ணீரின் கலங்கல், சூடு, டிரம்மின் ஆட்டம் எல்லாவற்றையும் பார்த்து இணையம் வழியாகக் கம்பெனிக்குச் சொல்லும். கம்பெனியின் கம்ப்யூட்டர் யோசித்து முதலாளியம்மாவுக்குச் சொல்லும். ஒரு மாதம் இலவசச் சோதனை. பிடித்திருந்தால் எல்லா இயந்திரங்களுக்கும் வாங்கலாம்.

பெட்டியைக் கொண்டுவந்தவர் நடுத்தர வயதுக்காரர். நீராவி அடிக்கும் கூடத்தில் கழுத்தில் டை கட்டியிருந்தார். அதனால் டைக்காரர் ஆனார்.

முதலாளியம்மாவுக்கு வாங்கும் எண்ணம் இருந்தது. தைரியம்தான் இல்லை. இயந்திரம் வந்தால் ஆளுக்கு வேலை இருக்காது என்று டிவியில் தினமும் யாராவது சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"பெட்டியைப் பாத்து எனக்குப் பயமில்ல சார். இவங்க பயப்படுறாங்களே, அதுதான் பயம். எல்லாரும் ஒரே நாள்ல எந்திரிச்சுப் போயிட்டா, இந்தப் பெட்டியா வந்து துணி பிழியும்?"

"போற எடத்துல எல்லாம் இதேதாம்மா சொல்றாங்க," என்றார் டைக்காரர். "காசு இருக்கு, போட மாட்டேங்கிறாங்க. ஜனங்க பயம் தெளியட்டும்கிறாங்க. அது தெளியுறதுக்குள்ள நான் தேஞ்சிடுவேன்."

அவர் வேடிக்கையாகச் சொல்கிறார் என்று முதலாளியம்மா நினைத்தார்.

மாமாவுக்கு விஷயம் தெளிவாக இருந்தது. "நம்ம வேலையப் பாத்துப் பாத்துக் கத்துக்கத்தான் அத வச்சிருக்காங்க. கத்துக்க விட்டாத்தானே?" என்றார். அன்று முதல் மூன்றாவது இயந்திரத்துக்கு, ஏற்கெனவே துவைத்த துணியை மட்டுமே போட்டார். அழுக்குத் துணி எல்லாம் மற்ற இயந்திரங்களுக்குப் போயிற்று. துவைத்ததையே துவைத்து, உலர்த்தியதையே உலர்த்தி, ஒரு மாதம் எல்லாரும் இரட்டை வேலை பார்த்தார்கள். வேலை போய்விடும் என்ற பயத்தில் இவ்வளவு வேலை செய்தவர்கள் அந்த வட்டாரத்தில் வேறு இல்லை. ஓர் ஓட்டல்காரர் போன் செய்து, விரிப்பெல்லாம் இப்போது பளிச்சென்று வருகிறதே, சோப்பு மாற்றினீர்களா என்று கேட்டார்.

மாதம் முடிந்தது. டைக்காரர் அறிக்கையோடு வந்தார். முதலாளியம்மா போனில் இருந்தார். டைக்காரர் மடிப்பு மேசைப் பக்கம் காத்து நின்றார். விரிப்பின் முனை அவர் கைக்கு வந்தது.

இரண்டு பேர் மடித்தால் பேச்சும் மடிப்பாகத்தான் வரும். எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்க்கும்போது ஒரு வாக்கியம். விலகிப்போய் மறுபடி வரும்போது அடுத்தது.

"டையப் பிடிங்கண்ணே, அதையும் சேத்து மடிச்சிடப் போறேன்," என்றார் பெரியக்கா.

டைக்காரர் டையைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு விலகினார். திரும்பி வந்தார்.

"இன்னைக்கு ஆர்டர் கெடைச்சாத்தான் இந்த டைக்கே வேலை, அக்கா."

"ஏன், கிடைக்கலன்னா?"

"அடுத்த மாசத்துலேர்ந்து போன்லயே ஆர்டர் போட்டுக்கலாமாம். எங்கள மாதிரி அலையறவங்க தேவையில்லையாம். இந்த மாசம் ஆர்டர் பிடிச்சவங்கள மட்டும் வச்சுக்குவாங்களாம்."

பெரியக்கா முனையைக் கொடுக்க மறந்து நின்றார். "மிஷின் விக்கிறவருக்கே மிஷினா?"

"ஆமாக்கா. ஊருக்கெல்லாம் பயப்படாதீங்கன்னு சொல்லிட்டு வர்றேன். வீட்டுல ரெண்டு பொண்ணுங்க. அவங்ககிட்டயும் அதையேதான் சொல்லி வச்சிருக்கேன்."

அடுத்த விரிப்பு ஆஸ்பத்திரியுடையது.

"ஆனா கவலையில்லக்கா. ரிப்போர்ட் பிரமாதம்," என்றார் டைக்காரர். "உங்களுக்கு வர்ற துணியில அழுக்கே இல்லையாம். துவைக்கிற நேரத்த மூணுல ஒரு பங்கா குறைச்சிடலாமாம். அம்மா இதப் பாத்தா உடனே கையெழுத்துதான்."

பெரியக்காவின் உள்ளங்கை மடிப்பின் மேல் அப்படியே இருந்தது. அவசரமாக அலசிய விரிப்பில் யார் யாரோ வந்து படுப்பது அவர் மனக்கண்ணில் தெரிந்தது, எல்லாரும் காய்ச்சல்காரர்கள்.

"அண்ணே," என்றார், "நாங்க அதுக்குத் துவைச்ச துணியத்தான் போட்டோம்."

டைக்காரர் தோளுக்குப் பின்னால் கிடந்த டையை முன்னால் எடுத்து விட்டுக்கொண்டார். பிறகு, "மாசம் பூராவா?" என்று கேட்டார்.

"பூரா."

"ரொம்ப உழைச்சிருக்கீங்க," என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. உள்ளேயிருந்து முதலாளியம்மா கூப்பிட்டார்.

மடித்த கட்டுகளை அடுக்க வேண்டிய அலமாரி முதலாளியம்மாவின் அறைக்கு வெளியே இருந்தது. பெரியக்கா அன்று மெதுவாக அடுக்கினார்.

"ரிப்போர்ட் போன்ல வந்துச்சே சார். மூணுல ஒரு பங்கு நேரமாமே? அவ்வளவு மிச்சமானா யார் பயந்தா என்ன, வாங்கிட வேண்டியதுதான்."

"அதப் பாக்காதீங்கம்மா," என்றது டைக்காரரின் குரல். "பெட்டிய நான் தப்பா மாட்டிட்டேன். கணக்கு எல்லாம் தப்பு. அதுபடி துவைச்சா அழுக்குப் போகாது."

"நீங்களே தப்பா மாட்டினா, நான் எப்படி சார் நம்பி வாங்குறது?"

"நியாயம்தாம்மா."

"அப்ப வேண்டாம் சார். பொழச்சேன். இவங்க பயந்துட்டே இருந்தாங்க."

டைக்காரர் வெளியே வந்து, பெட்டியைக் கழற்ற ஸ்க்ரூடிரைவர் தேடினார். பெரியக்கா அலமாரியை விட்டு நேராக மாமாவிடம் போனார். நடந்ததைச் சொன்னார்.

"அந்த ஆளு தன் பொழப்ப விட்டுட்டு நம்மளக் காட்டிக் குடுக்காமப் போறாரு மாமா."

மாமா நீர்க்குழாயை மூடினார். "நல்ல மனுசன்தான், இல்லேங்கல. அதுக்காக, அவரு ஒருத்தர் வேலைக்கு நம்ம எல்லார் வேலையையும் வைக்கச் சொல்றியா?"

"நம்ம வேலை போகுமான்னு நமக்குத் தெரியாது. அவரு வேலை போறது தெரியும்."

"போகாதுன்னு நீ சொல்லுவியா?"

"சொல்ல மாட்டேன். எனக்கும் பயந்தான். ஆனா பொய்யச் சொல்லிப் பயத்தக் காப்பாத்த வேண்டாம் மாமா. அந்தப் பொய்க் கணக்க நம்பித் துவைச்சிருந்தா, அந்தத் துணியில படுக்கிறவன் கதி என்னாகியிருக்கும்?"

மாமா இயந்திரத்தைப் பார்த்தார். இயந்திரம் ஒன்றும் சொல்லவில்லை. "திட்டு வாங்கறதுன்னா நீ முன்னாடி போ," என்றார்.

இரண்டு பேரும் உள்ளே போய்ச் சொன்னார்கள். முதலாளியம்மா முழுவதையும் கேட்டார். துவைத்ததையே துவைத்த சோப்புக்கு யாரைத் திட்டுவதென்று அவருக்கு உடனே தோன்றவில்லை. கடைசியில், "அதான் ஓட்டல்காரர் புகழ்ந்தாரா?" என்றார்.

"பெட்டிய வாங்குங்கம்மா," என்றார் பெரியக்கா. "இனிமே அழுக்குத் துணியே போடுறோம். ஒண்ணே ஒண்ணு. மாசாமாசம் ரிப்போர்ட்ட இந்த அண்ணனே நேர்ல வந்து எங்க முன்னாடி படிக்கணும். எங்களுக்குத் தெரியாம போனுக்கு வரக் கூடாது. அதுல யாரையாவது நிறுத்தச் சொன்னா, எங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்."

"சொல்லிட்டா?" என்றார் மாமா.

"சொல்ல மாட்டாரு. சொன்னா, அதுக்கும் ஒரு வழி கடவுள் வச்சிருப்பாரு."

முதலாளியம்மா வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார். "சார், ஸ்க்ரூடிரைவரக் கீழ வைங்க."

போனில் வந்த கம்பெனியின் திரையில் ஆர்டர் போட இடம் இருந்தது. நிபந்தனை போட இடம் இல்லை. அதனால் நிபந்தனை கம்பெனியில் ஒரு மனிதரிடம் போக வேண்டியதாயிற்று. அந்த மனிதர் இரண்டு நாள் யோசித்துச் சம்மதித்தார்.

அடுத்த மாதம் டைக்காரர் வந்து அறிக்கையைப் படித்தார். மூன்றாவது இயந்திரத்தின் ஒரு கால் தாழ்ந்திருப்பதால் டிரம் ஆடுகிறது, அடியில் முட்டுக் கொடுக்கவும் என்று அதில் இருந்தது. ஆட்களைப் பற்றி ஒன்றும் இல்லை. முன்பு அங்கிருந்த கட்டையைக் கதவுக்கு முட்டாக எடுத்துப்போனவர் மாமாதான். அறிக்கையில் அது இல்லாததால் அவரும் சொல்லவில்லை. கட்டையைத் திருப்பி வைத்தார். அவருடைய பயம் போய்விடவில்லை. இப்போதும் பெட்டியைப் பார்த்தால் முறைப்பார். ஆனால் அதன் மேல் தண்ணீர் தெறிக்காமல் பழைய துண்டு ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறார்.

ஒவ்வொரு முறையும் நேரில் வந்ததற்கான காரணத்தைக் கம்பெனியின் திரை டைக்காரரிடம் கேட்கும். அது தரும் காரணங்களில் எதுவும் பொருந்தாது. "என்ன போடட்டும்க்கா?" என்று ஒரு நாள் பெரியக்காவிடம் கேட்டார்.

"மறுமுனையப் பிடிக்க ஆள் இல்லைன்னு போடுங்க."

அவர் 'இதர' என்பதைத் தொட்டுவிட்டு, போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு விரிப்பைப் பிடித்தார். அது ஆஸ்பத்திரி விரிப்பு. கடைசி மடிப்பு அன்று அவர் பக்கம் வந்தது. பெரியக்கா கையை நீட்டுவதற்குள் அவரே உள்ளங்கையை அதன் மேல் வைத்தார். ஒரு கணம் வைத்திருந்தார். பிறகு மற்ற விரிப்புகளோடு சேர்த்து அடுக்கினார்.