வஹீதுன்னிசாவின் பட்டறைக்குள் பெய்த மழை

சேலத்துக்குப் பக்கத்தில் அயோத்தியாப்பட்டணத்தில் வஹீதுன்னிசாவின் தட்டுவடைப் பட்டறைக்குள் மட்டும் தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு மழை பெய்தது. சித்திரை வெயிலில் தெரு வறுபட்டுக்கொண்டிருக்கும், கூரைக்கு மேலே ஒரு சொட்டு இருக்காது, உள்ளே கொட்டும். தண்ணீரோடு பேர் தெரியாத இலைகள் வந்தன. அட்டைகூட ஒன்று வந்து, வடை தட்டும் பாப்பாயியின் காலைக் கடித்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் நமுத்த வடையைத் தின்றுவிட்டு முகம் சுளித்தார்கள். அதுதான் வயிற்றெரிச்சல். மொறுமொறுப்பு குறையாமல் கொடுத்தால் மாதம் ஒரு கன்டெய்னர் எடுப்பதாக ஐரோப்பாக் கம்பெனி ஒன்று சொல்லியிருந்தது. அதை நம்பித்தான் தெருப்பெண்களில் பாதிப்பேரை வஹீதுன்னிசா வேலைக்கு வைத்திருந்தார்.

கணவர் நசுருல்லா தகரத்தை மாற்றினார், தார்ப்பாய் கட்டினார். ம்ஹூம். "பாயம்மா, அந்தப் புது டின்னு ஒடச்ச நாள்ல இருந்துதானுங்க இந்தக் கூத்து" என்றாள் பாப்பாயி. இறக்குமதி வரி குறைந்ததும் வெளிநாட்டிலிருந்து சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு மலிவாக வந்திறங்கிய பாமாயில் அது. வேறு டின் வாங்கியும் மழை நிற்கவில்லை. எப்படி நிற்கும்? சேலத்தில் எந்த வடைக்காரரும் சட்டியை அடிவரை காலி செய்யமாட்டார்; பழைய எண்ணெய் கொஞ்சம் கிடந்தால்தான் வடை சிவக்கும். கடைசியில் வஹீதுன்னிசா மனசைக் கல்லாக்கிக்கொண்டு சட்டியைப் புளிபோட்டுத் தேய்த்தார். அன்றே மழை நின்றது. ஆனால் அந்த எண்ணெய் ஊற்றிய மற்ற கடைகளில் ஆரம்பித்தது. ஆடி பிறப்பதற்குள் சேலத்துப் பஜ்ஜிக் கடைகளெல்லாம் நனைந்தன, பாமாயில் கப்பல் துறைமுகத்தில் தேங்கியது, நம் நாட்டு அதிகாரிகளும் எண்ணெய் விற்ற நாட்டு அதிகாரிகளும் குடையோடு பட்டறைக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

அவர்களுக்காக அந்த எண்ணெயைக் காய்ச்சினார் வஹீதுன்னிசா. மூன்று மணிக்கு மழை வந்தது. எண்ணெய் விற்ற நாட்டிலிருந்து வந்த அதிகாரி அம்மாள் குடையை மடக்கி வைத்துவிட்டு நனைந்தார், அழுதார். இது எங்கள் மலையில் மூன்று மணிக்குப் பெய்த மழை, காட்டை வெட்டி எண்ணெய்ப்பனை வைத்துவிட்டோம், அதற்குப் போக இடமில்லை என்று அவர் சொன்னதாக மொழிபெயர்ப்பாளர் கௌதமன் சொன்னார். உடனே நம்மவர்கள் வரியை ஏற்றுவோம் என்றார்கள். அவர்கள் வேறு நாட்டுக்கு விற்போம் என்றார்கள். பேச்சு இழுத்தது.

"வரிய ஏத்துங்க, எறக்குங்க, அது உங்க பாடு" என்றார் வஹீதுன்னிசா. "மொதல்ல அந்த மலையில காட்ட நடுங்க. காட்ட வெட்டாத எடத்து எண்ணெய்னா வெல கூடுனாலும் சேலமே வாங்கும். இல்லேன்னா ஒரு டின்னு எறங்காது."

நசுருல்லாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சேலத்தை இவளுக்கு யார் எழுதிக்கொடுத்தார்கள்? ஆனால் மறுநாள் கடைக்காரர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். நனைந்த காகிதத்தில் இரண்டு நாடும் கையெழுத்துப் போட்டன.

சில வருஷங்களில் மலையில் மரங்கள் ஆள் உயரம் தாண்டின. மழை அங்கே போய்ச் சேர்ந்தது. தட்டுவடை மொறுமொறுப்பாகக் கப்பலேறுகிறது. இருந்தாலும் வருஷத்தில் ஒருநாள், சித்திரையில், மூன்று மணிக்கு அது பட்டறைக்குள் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போகும். அன்று வடைச்சட்டி அடுப்பில் ஏறாது. ஆர்டர் கேட்டு யாராவது போன் செய்தால், "இன்னிக்கு லீவுங்க, மழை வந்திருக்கு" என்பார் வஹீதுன்னிசா. அந்தத் தண்ணீரைப் பிடித்து எல்லோருக்கும் டீ போடுவார். பாப்பாயி மட்டும் கையில் கொஞ்சம் உப்போடு உட்கார்ந்திருப்பாள், அட்டையும் கூட வந்திருந்தால் ஆகட்டுமென்று.