எட்டரை மீட்டர் தெரு

அளவு கொடுக்க வந்த தட்டச்சுக்காரம்மா சொல்லித்தான் தையல்காரிக்கு விஷயம் தெரிந்தது. நகராட்சியில் வேலை பார்ப்பவர். கைகளை விரித்து நின்றபடியே, "உங்க தெருவுல சிமெண்ட் கிடங்கு வருதாமே?" என்றார்.

தெருமுனைக் காலி மனையைக் குடியிருப்புப் பகுதியிலிருந்து தொழில் பகுதியாக மாற்றக் கேட்டு மனு போயிருந்தது. அறிவிப்பு ஒட்டிப் பதினோரு நாளாகியிருந்தது. ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் எழுதித் தரவேண்டும்.

மனை அவளுடைய சொந்த அண்ணனுடையது. இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். முப்பது வருஷம் லாரி ஓட்டியதில் முழங்கால் இரண்டும் போயிருந்தன. மனையை விற்றுவிட்டு மகனோடு போய் இருந்துவிடலாம் என்று எண்ணம். உபயோகம் மாறினால்தான் வாங்குவேன் என்று கிடங்குக்காரர் சொல்லியிருந்தார். அண்ணன் இதை அவளிடம் வாய் திறக்கவில்லை. அவளும் போய்க் கேட்கவில்லை.

முதலில் எதிர்வீட்டு நர்ஸிடம் போனாள். இருவருமாக நாற்பது வீட்டுக் கையெழுத்தை ஒரே தாளில் வாங்கி நகராட்சிக்கு எடுத்துப்போனார்கள். குமாஸ்தா தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"நாப்பது பேர் போட்டாலும் இது ஒரு ஆட்சேபணைதாம்மா. தனித்தனியா எழுதிட்டு வாங்க."

திரும்பி வந்து வீடு வீடாக உட்கார்ந்து எழுதினார்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல நர்ஸ் எழுதினாள். ஒருவர் தன் மாமியாரைப் பற்றியே ஒரு பக்கம் சொல்லிவிட்டார். அதை மட்டும் கிழித்துப் போட்டார்கள். அண்ணன் வீட்டு வாசலை இருவரும் பேசாமல் தாண்டிப் போனார்கள்.

குமாஸ்தாவிடம் கேட்டு மனுவின் நகலையும் வாங்கியிருந்தாள். அதில் தெருவின் அகலம் பன்னிரண்டு மீட்டர் என்றிருந்தது. கிடங்கு வர அவ்வளவு அகலம் வேண்டும் என்பது விதி. கொத்தனாரின் நீள டேப்பைக் கடன் வாங்கி, பட்டப்பகலில் ஸ்கூட்டர்களை நிறுத்திவைத்து, ஆறு இடத்தில் அளந்தார்கள். எங்குமே எட்டரையைத் தாண்டவில்லை.

"அரை அங்குலம் கூடினா ஆளே மாறிப்போற தொழில் என்னுது. மூணரை மீட்டரை முழுங்கிட்டு ஏப்பம் விடுறாங்களே!" என்றாள் தையல்காரி.

விசாரணை நாளன்று நீள மேசைக்குப் பின்னால் அதிகாரி உட்கார்ந்திருந்தார். கிடங்குக்காரரின் வக்கீலுக்குப் பக்கத்து நாற்காலியில் அண்ணன், காலை நீட்டிக்கொண்டு. தையல்காரி அளவுகளைப் படித்து முடித்ததும் வக்கீல் எழுந்தார்.

"சட்டம் பேசுற இந்தம்மா வீட்டுல மூணு மிஷின் ஓடுது, சார். சம்பளத்துக்கு ரெண்டு பேர் வேற. குடியிருப்புப் பகுதியில இது செல்லுமா?"

வாசலில் பார்த்தால் ஒரு மிஷின்தான் தெரியும். மற்ற இரண்டும் பின்னறையில் இருந்தன. அவற்றுக்கு மின்சார வயர் இழுத்துக் கொடுத்தது அண்ணன். அவள் அவரைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உண்மையாம்மா?" என்றார் அதிகாரி.

இல்லை என்று சொல்லிவிடலாம். உடனே யாரும் வந்து பார்க்கப்போவதில்லை. "உண்மைதான்" என்றாள்.

மூன்று வாரம் கழித்து இரண்டு கடிதங்கள் வந்தன. சாலை அகலம் போதாததால் கிடங்கு மனு நிராகரிக்கப்பட்டது என்றது முதலாவது. வீட்டில் ஒரு மிஷினுக்கு மேல் வைக்கக்கூடாது, வேலையாட்களும் கூடாது, முப்பது நாள் அவகாசம் என்றது இரண்டாவது.

தெருவே அவள் வீட்டில் கூடியது. "உனக்கும் ஆளுக்கொரு தாள் எழுதித் தர்றோம். உன்னால யாருக்கு என்ன தொந்தரவு?" என்றார் கொத்தனார். எல்லோரும் தலையாட்டினார்கள். நர்ஸ் மட்டும் ஆட்டவில்லை.

கூட்டம் கலைந்தபின் தையல்காரி அவளை நிறுத்தினாள். "என்ன, நீ ஒண்ணும் பேசலே?"

"தப்பா நினைக்காதீங்க அக்கா. நைட் டியூட்டி முடிச்சு வந்து பகல்லதான் தூங்கறேன். நாலு வருஷமா காதுல பஞ்சு வெச்சுக்கிட்டு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

தையல்காரிக்கு முகம் சுட்டது. அத்தனை வீட்டுக் கதவையும் தட்டி உங்களுக்கு என்ன கஷ்டம் என்று கேட்டவள், கூடவே நடந்தவளிடம் கேட்டதில்லை. மறுநாளே தாள் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கடைவீதியில் ஒரு மாடியறை பார்த்தாள்.

மிஷின்களை வண்டியில் ஏற்றும் நாளில் அண்ணன் மாடிப்படி ஏறுகிறவர்போல வாசற்படியை மெல்ல ஏறி வந்தார். கையில் ஸ்க்ரூ டிரைவர். பின்னறையில் தானே உட்கார்ந்து வயரைக் கழற்றினார்.

"நான்தான் சொன்னேன்" என்றார், சுவரைப் பார்த்து.

"தெரியும்."

"நாப்பது வீட்டுக்குப் போனே. என் வீட்டுக்கு மட்டும் வரலே."

"வந்தா எழுதிக் கொடுத்திருப்பியா அண்ணே?"

"மாட்டேன். ஆனா வந்திருக்கணும். கூடப்பொறந்தவ."

"நீயும் மனையை விக்கப்போறேன்னு சொல்லியிருக்கணும்."

அவர் கழற்றிய வயரைச் சுருட்டி வைத்தார். எழுந்திருக்கக் கை நீட்டினார். அவள் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

அடுத்த வருஷம் மனையை வீடு கட்டுகிற ஒருவர் வாங்கினார். கிடங்குக்காரர் சொன்ன விலை வரவில்லை. அண்ணன் மகனிடம் போய்விட்டார். தையல்காரி தினமும் இருபது நிமிஷம் நடந்து கடைக்குப் போகிறாள். அங்கே கூட்டம் முன்னைவிட அதிகம். வீட்டிலிருக்கும் ஒற்றை மிஷினை நர்ஸ் டியூட்டிக்குக் கிளம்பிய பிறகுதான் மிதிக்கிறாள்.