பதினோராவது லாட்

கண்ணாடி மூடியை இறக்கிக்கொண்டிருந்த ஃப்ரீசர் பெட்டிக்காரர் பாதியில் நிறுத்தி, "மூக்கு இடிக்காதுல்ல?" என்று கேட்டார்.

இடிக்கவில்லை. ஒரு விரல் நுழைய இடம் இருந்தது. ஆனாலும் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்த்து, இடிக்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே விட்ட இடத்திலிருந்து அழுதார்கள். தம்பிக்காரனுக்கு வயிறு எரிந்தது. செத்த பிறகும் முதல் விசாரிப்பு அந்த மூக்குக்குத்தான்.

பழக்க தோஷத்தில் பெட்டியின் பக்கவாட்டில் ஒளிர்ந்த எண்ணைப் பார்த்தான். இரண்டு டிகிரி. இறாலுக்கு மைனஸ் பதினெட்டு வேண்டும். அண்ணனை ஏற்றுமதி செய்யும் உத்தேசம் யாருக்கும் இல்லாததால் பேசாமல் இருந்தான்.

அண்ணன் கடல் உணவு ஏற்றுமதிக் கம்பெனியில் மோந்து பார்ப்பவர். தாளில் அந்தப் பதவிக்கு நீளமான பெயர் உண்டு. தொழிற்சாலையில் அவர் 'பெரிய மூக்கு'. உறைந்த இறாலைத் தண்ணீரில் இளக்கி, இரண்டாகப் பிட்டு, மூக்கருகே கொண்டுபோவார். நான்கு நொடி. 'போகலாம்' என்பார், அல்லது 'வேணாம்' என்பார். அவ்வளவுதான் உத்தியோகம். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர். ஐஸ் உடைக்கப் போன இடத்தில் மூக்கு கண்டுபிடிக்கப்பட்டது.

தம்பிக்காரன் அதே கம்பெனியின் லேபில் இருக்கிறான். வேதியியலில் முதல் வகுப்பு. வெள்ளைக் கோட்டு, கண்ணாடி அறை, கப்பலில் வந்த மெஷின்கள். அவன் ரிப்போர்ட் வர நான்கு மணி நேரம் ஆகும். எதிரே நின்றால் 'லேப் சார்' என்பார்கள். முதுகைக் காட்டினால் 'சின்ன மூக்கு'.

ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு கண்டெய்னரை மெஷின் பாஸ் செய்தது. அண்ணன் பிட்டுப் பார்த்து, "வேணாம். இது ஒரு தடவை இளகி மறுபடி உறைஞ்சிருக்கு" என்றார். மெஷினை நம்பி அனுப்பினார்கள். சரக்கு கடல் தாண்டிப் போய், ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பி வந்தது. விசாரித்ததில், கோல்டு ரூமில் ஒரு ராத்திரி இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லாதது தெரிந்தது. அதிலிருந்து அண்ணன் கையெழுத்து இல்லாமல் எந்தப் பெட்டியும் வாசலைத் தாண்டியதில்லை. முன் ஹாலில் அவருக்கென்று ஒரு நாற்காலி, அதற்கு மேலே அவர் போட்டோ. தம்பிக்காரன் தினமும் அதைக் கடந்துதான் லேபுக்குப் போக வேண்டும். அவனுக்கு இருந்ததைப் பொறாமை என்று சொல்ல முடியாது. பொறாமைக்கு ஓர் அளவு உண்டு.

இப்போது அவன் வாசலில் நின்று வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தான். ஏழு கார், கம்பெனி பஸ் இரண்டு, ஐஸ் கம்பெனி லாரி ஒன்று. தன் சாவுக்கு ஒரு வேன் வரலாம். அதுவும் பாதி காலியாக.

"என்னங்க, இவ்ளோ சென்ட்டா?" மனைவி பக்கத்தில் வந்து பல்லைக் கடித்தாள். "சாவு வீட்டுக்கு வந்திருக்கீங்களா, பொண்ணு பாக்க வந்திருக்கீங்களா?"

"ரெண்டு தடவ அடிச்சேன், வாசனையே வரல. பாட்டில் தீந்துபோச்சுன்னு மூணாவது தடவ அடிச்சேன்."

"கண்ணு வேற செவந்திருக்கு."

"ஏசி ஒத்துக்கல."

அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். வீட்டு ஏசி கெட்டுப்போய் மூன்று மாதம் ஆகிறது.

பஸ்ஸிலிருந்து இறால் உரிக்கும் பெண்கள் இறங்கி, வரிசையாகப் பெட்டியைச் சுற்றி வந்தார்கள். வாசலுக்கு வந்ததும் ஒருத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "அவரு பக்கத்துல நின்னா ஆளே இல்லாத மாதிரி இருக்கும்டி. சோப்பு இல்ல, எண்ணெய் இல்ல, பவுடர் இல்ல. வேலைக்காக மனுசன் ஒரு வாசனை இல்லாம வாழ்ந்தாரே."

"இன்னொருத்தரு இருக்காரே. அவரு அடுத்த தெருவுல வரும்போதே நமக்குத் தெரிஞ்சிரும்."

"சும்மா இருடி, பின்னாடியே நிக்கிறாரு."

அழுதுகொண்டே சிரித்தார்கள். தம்பிக்காரன் லாரியின் நம்பர் பலகையைக் கவனமாகப் படித்தான்.

பத்தரை மணிக்கு ஏற்றுமதியாளர் சங்கச் செயலாளர் வந்தார். அவருக்கு ஒரு பேச்சுதான் தெரியும். கிடங்குத் திறப்பானாலும் கல்யாணமானாலும் அதையே பேசுவார். வழியில் பெயரை மட்டும் மாற்றிக்கொள்வார்.

"நம்ம நாட்டு விவசாய ஏற்றுமதி வருமானத்துல ஆறுல ஒரு பங்கு கடல்லேர்ந்து வருது. பிடிக்கிறவங்க, ஐஸ் அடிக்கிறவங்க, உரிக்கிறவங்க, அட்டைப்பெட்டி செய்யிறவங்க, லாரி ஓட்டுறவங்க, எத்தனை லட்சம் குடும்பம்! அத்தனை குடும்பமும், அந்த அந்நியச் செலாவணி முழுக்கவும், எது மேல நின்னுச்சு?" பெட்டியை நோக்கிக் கையை நீட்டினார். "இந்த மூக்கு மேல நின்னுச்சு."

எல்லோரும் மறுபடி மூக்கைப் பார்த்தார்கள். நாட்டின் பொருளாதாரத்தைத் தாங்கிய களைப்பு அதில் தெரியவில்லை. இடது பக்கம் லேசாக வளைந்திருந்தது. சின்ன வயதில் கட்டிலிலிருந்து தள்ளிவிட்டதில் வந்த வளைவு. தள்ளியவன் தம்பிக்காரன். அந்த வளைவில்தான் ராசி இருக்கிறது என்று பிற்காலத்தில் ஒரு வெளிநாட்டு வியாபாரி சொன்னபோது, அதையும் அவன் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

கம்பெனியின் மலர் வளையம் கதவகலத்துக்கு இருந்தது. தம்பிக்காரன் குனிந்து பார்த்தான். பார்வைக்குத்தான் பெரிசு, வாசனை மருந்துக்கும் இல்லை. கஞ்சப் பயல்கள், பழைய பூவை வாங்கியிருக்கிறார்கள் என்று அற்பமாக ஒரு சந்தோஷம் வந்தது.

"தம்பி." அண்ணி பெட்டியின் தலைமாட்டிலிருந்து மெதுவாகக் கூப்பிட்டாள். "இந்தப் பூவையெல்லாம் கொஞ்சம் வெளிய எடுத்து வைக்கச் சொல்றீங்களா? வாசனை ஆளைத் தூக்குது. அவருக்கு ஆகாது."

இருபத்தாறு வருஷமாக வாசனை சோப்பு வாங்காதவள். இன்னும் என்ன, அவர் எழுந்து வேலைக்குப் போகப் போகிறாரா என்று நினைத்தான். "பாக்கலாம் அண்ணி" என்றான்.

அப்போதுதான் மேனேஜர் வந்து அவன் முழங்கையைத் தொட்டார். "லேப் சார், கொஞ்சம் பின்னாடி வர்றீங்களா? தப்பா நெனைக்கக் கூடாது."

"தப்பா நெனைக்கிற மாதிரி ஏதோ சொல்லப்போறீங்க."

கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் கல்லின் மேல் ஒரு ஐஸ் பெட்டி இருந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணம், ஒரு தாள், ஒரு பேனா. மேனேஜர் எல்லாவற்றையும் யோசித்துத்தான் துக்கத்துக்கு வந்திருந்தார்.

"நேத்து சாயங்காலம் அண்ணன் பதினோரு லாட் சரக்குல பத்து முடிச்சாரு. பதினொண்ணாவதுக்குக் கையை நீட்டும்போதுதான்..." மேனேஜர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "அஞ்சு மணிக்குத் துறைமுகத்துல கேட்டை மூடிருவான். இந்தக் கப்பலை விட்டா ஒன்பது நாள். சரக்கு நகரலன்னா கோல்டு ரூம் காலியாகாது. அது காலியாகலன்னா நாளைக்கு வர்ற படகுலேர்ந்து சரக்கு எடுக்க முடியாது. முன்னாடி அழுதுட்டிருக்காங்களே அந்தப் பொம்பளைங்க, அவங்களுக்கு வேலை இல்ல."

"என் ரிப்போர்ட் பாஸ்தானே?"

"ரிப்போர்ட்டை யாரு சார் கேக்கறான்? வாங்கற வெளிநாட்டுக்காரன், மூக்கு பாத்ததாங்கறான்." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். "அதே குடும்பம், அதே மூக்குன்னு நான் மெயில் போட்டு, அவன் ஒத்துக்கிட்டான். நீங்க பாத்து ஒரு கையெழுத்து. நாளையிலேர்ந்து அந்த நாற்காலி உங்களுது. போட்டோவும் மாத்திடலாம். வேணாம்னா சொல்லுங்க, என் மச்சினன் இருக்கான்."

"அவருக்கு சைனஸ்னீங்களே?"

"ஆபரேஷன் ஆயிருச்சு."

இருபது வருஷமாகக் கேட்க நினைத்த வார்த்தை, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. தம்பிக்காரன் கையைக் கழுவினான். கிண்ணத்துத் தண்ணீரில் இளகிக் கிடந்த இறாலை எடுத்தான். பெரிய மூக்கு செய்வது போலவே, நகத்தால் முதுகில் கீறி, இரண்டாகப் பிட்டு, மூக்கருகே கொண்டுபோனான்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

ஒன்றுமே இல்லை.

இன்னொன்றைப் பிட்டான். நல்ல இறாலில் ஒரு தித்திப்பு வரும் என்பார் அண்ணன். கெட்டது தொண்டையைப் பிடிக்கும் என்பார். தித்திப்பும் இல்லை, தொண்டையும் பிடிக்கவில்லை. கோபம் வந்தது. போகும்போது எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். நமக்கென்று ஒரு இறாலைக்கூட விட்டுவைக்கவில்லை.

குழாய்க்குப் பக்கத்தில் இருந்த துணி சோப்பை எடுத்து முகர்ந்தான். வெறும் கட்டி. கழிவறை வாசலில் இருந்த ஃபினாயில் பாட்டிலைத் திறந்து முகர்ந்தான். தண்ணீர் மாதிரி இருந்தது. மேனேஜர் குழப்பத்துடன் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாகத் தன் சட்டையை இழுத்து முகர்ந்தான். மூன்று தடவை அடித்த சென்ட்.

ஒன்றுமே இல்லை.

அம்மா செத்தபோது அண்ணன் மூன்று நாள் நாற்காலியில் உட்காரவில்லை. மறுநாளே தொழிற்சாலைக்கு வந்தார், ஐஸ் கூடச் சுமந்தார். இறாலை மட்டும் தொடவில்லை. "அழுத மூக்கை நம்பக் கூடாது" என்றார். "பந்தா சார்" என்று தம்பிக்காரன் அப்போது மேனேஜரிடம் சொல்லியிருந்தான். அவன் மறுநாளே மெஷினை ஓட்டினான். அம்மாவுக்கும் அழவில்லை, அப்பாவுக்கும் அழவில்லை. லேபில் அது ஒரு தகுதி.

"சார், டைம் ஆகுது."

தாளை எடுத்தான். பத்துக் கட்டத்தில் பத்து 'போகலாம்', கோணல் மாணலான எழுத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக. பத்தாவதில் மட்டும் கடைசி எழுத்து கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. பதினோராவது கட்டம் காலியாக இருந்தது. மெஷின் பாஸ் என்றிருக்கிறது. யாருக்குத் தெரியப்போகிறது? பேனா மூடியைக் கழற்றி, தாளின் மேல் குனிந்தான்.

கட்டத்தின் நடுவில் ஒரு சொட்டு விழுந்தது.

"மழையா?" என்று மேனேஜர் மேலே பார்த்தார். தம்பிக்காரனும் பார்த்தான். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

இன்னொரு சொட்டு விழுந்தது.

அவன் பேனாவை மூடினான். "எனக்கு மூணு நாள் லீவு வேணும்."

"லீவா? எதுக்கு சார்?"

"சளி."

"சார், வெளையாடாதீங்க. நான் மச்சினனைக் கூப்பிட வேண்டியிருக்கும்."

"கூப்பிடுங்க."

"நாற்காலி போயிரும் சார்."

தம்பிக்காரன் தாளை இரண்டாக மடித்து ஐஸ் பெட்டியின் மேல் வைத்தான். காற்றில் பறந்துவிடாமலிருக்க அதன் மேல் துணி சோப்பை வைத்தான்.

உள்ளே போனபோது கூடம் கொஞ்சம் காலியாகியிருந்தது. பெண்கள் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் கம்பெனியின் மலர் வளையத்தைத் தூக்கினான். கனமாக இருந்தது. பக்கவாட்டில் திருப்பித்தான் கதவைத் தாண்ட முடிந்தது. வெளிச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, மற்றவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப்போனான். அண்ணி தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

பின்பக்கம் மேனேஜரின் கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். வாயால்தான் மூச்சு விட முடிந்தது. குனிந்தபோது அந்த மூச்சு பட்டு, அண்ணனின் முகத்துக்கு நேராகக் கண்ணாடி மங்கியது. சட்டைக் கையால் துடைத்தான். வளைவு தெரிந்தது. மறுபடி மங்கியது. மறுபடி துடைத்தான்.